சூழலும் சூழ்ச்சியும்: ஆங்கிலச் சொற்கள் சில பற்றிய ஒரு நோக்கு

ஆங்கில - தமிழ் அகராதிகளைப் புரட்டுவோர் ஒன்றனை எளிதிற் காணலாம். சறவுண்ட், என்சேர்க்கிள், என்வயரன், என்கொம்பஸ், பிசெற், பிசீஜ், என்குளோஸ் என வினைகள் பல ஆங்கிலத்திலே நிரல்பட்டு நிற்க, அவை யாவற்றுக்கும் எதிரே சூழ், சுற்று, வளை, முற்றுகையிடு என்னும் நான்கைந்து தமிழ்ச் சொற்களே மாறி மாறி வரும். இதனை அகராதிக்காரரின் குறை எனல் பொருந்தாது. அகராதி சொல்லுக்குச் சொல் தருவது. சொல்லின் வாழ்க்கையை எழுதுவது அதன் பணியன்று. ஆயின், மேனாட்டு இலக்கியத்தைத் தமிழ்வழி நின்று பயில்வோரும், மேனாட்டுத் திறனாய்வின் கருவிகள்கொண்டு தமிழிலக்கியத்தை அளப்போரும் இந்நான்கைந்து சொற்களோடு அமைதியடைந்துவிடுவராயின் இழப்புச் சிறிதன்று. நமது ஆய்வேடுகளிலே 'சமூகச் சூழல்' என்னுந் தொடர் இடம்பெறாத முதலியலைக் காண்பது அரிது. அத்தொடரால் நாம் கருதுவது யாது என்று வினவினால், விடை கூறுவோர் தொகை வெகுவாகக் குறைந்துவிடும். சொற்பிறப்பியல் நூல்களிலுள்ள செய்திகளைத் திரட்டித் தருவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சூழ்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் வரலாற்றை நோக்கி, அவ்வரலாறு இலக்கியம் பயில்வோருக்கு எவ்வளவு பயன்படும், எவ்விடத்தில் அது ஏமாற்றும் என்பதைக் காணுதலே இங்கு மேற்கொள்ளும் முயற்சியாகும்.

சறவுண்ட் என்னுஞ் சொல்லிலிருந்தே தொடங்குவோம். வட்டத்தைக் குறிக்கும் 'றவுண்ட்' இதனுள் அடங்கியுள்ளது என்றே கேட்ட மாத்திரத்தில் எவருங் கருதுவர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் அவ்வாறே கருதி வந்துள்ளனர். உண்மை வேறு. பிற்கால இலத்தீனில் 'சூப்பெருந்தாரே' என ஒரு வினை உண்டு. 'சூப்பெர்' என்பது மேல். 'உந்தா' என்பது அலை. நீர் மேலெழுந்து வழிதல் என்பது அதன் பொருள். பழைய பிரெஞ்சின் வழியாக 15 ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துட் புகுந்தபோதும் வெள்ளம் மேவுதல், நீரில் ஆழ்தல் என்னும் பொருளையே தாங்கி வந்தது. நிறைந்திருத்தலைக் குறிக்கும் அபவுண்ட், வெள்ளத்தில் ஆழ்த்துதலைக் குறிக்கும் இனண்டேற், மிகையானதைக் குறிக்கும் றிடண்டன்ற் ஆகியன அதே அலையிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள். றவுண்ட் என்பதோ சக்கரத்தைக் குறிக்கும் 'றோத்தா' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இரண்டுக்கும் பிறப்பால் எவ்வித உறவும் இல்லை.

இப்பழைய பொருள் அகராதிக்குள் மட்டும் உறைந்து கிடந்த ஒன்றன்று. 17 ஆம் நூற்றாண்டின் வாயிலில், முதலாம் எலிசபெத்தின் 43 ஆம் ஆட்சியாண்டில், கிழக்கிங்கிலாந்தின் சதுப்பு நிலங்களை வடித்துப் பயிர்நிலமாக்குவதற்கென ஒரு சட்டம் நிறைவேறிற்று. ஈலித் தீவு முதலான பகுதிகளிலுள்ள, 'சறவுண்டிங்' என்பதற்கு அடிக்கடி உட்படும் நிலங்கள் என்று அச்சட்டத்தின் தலைப்பு பேசும். இக்கால ஆங்கிலம் மட்டும் அறிந்த ஒருவர் இதனைப் படிப்பின், யாரோ வந்து வளைத்துக்கொள்ளும் நிலங்கள் போலும் என்று மயங்குவர். வெள்ளத்துள் அமிழும் நிலங்கள் என்பதே சட்டஞ் செய்தோர் கருதியது. ஆயினும், இச்சொல் வெள்ளத்திலிருந்து வளைத்தலுக்கு வந்து சேர்ந்த வழியையும் அந்நிலப்பகுதியே நமக்குக் காட்டிவிடுகின்றது எனலாம். சமநிலத்தில் வெள்ளம் ஏறும்போது தாழ்ந்த வயல்கள் மூழ்கும். மேட்டிலுள்ள ஊர் மூழ்காது, நாற்புறமும் நீர் நிற்கத் தான் தீவாகி நிற்கும். ஈலி அத்தகைய மேட்டூர். அதனாலேயே தீவு எனப் பெயர் பெற்றது. மூழ்கிய வயலை நோக்கினால் சறவுண்ட் என்பது அமிழ்த்துதல். மூழ்காத மேட்டை நோக்கினால் சூழ்தல். பார்ப்பவன் நிற்குமிடம் மாறப் பொருளும் மாறுகின்றது. இத்தகைய பொருள்மாற்றத்துக்கு வாயில் திறந்திருந்த வேளையிலேயே 'றவுண்ட்' என்னும் ஒலியொப்புமையும் துணைநின்றது. 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சூழ்தற்பொருள் தோன்றிப் பின்னர் மற்றையதை முற்றாகத் துரத்திவிட்டது.

நமது பேச்சு வழக்கிலும் இதே வாயில் திறந்தே உள்ளது என்பதை ஆங்கிலம் கற்போர் கவனிப்பதில்லை. 'ஊரை வெள்ளம் சூழ்ந்தது' என்று மாரிகாலச் செய்திகளில் நாம் படிக்கும்போது, வெள்ளம் வேலிக்கு வெளியே நின்றுவிட்டது என்று எவரும் கொள்வதில்லை. வீட்டினுள்ளும் நீர் புகுந்ததாகவே கொள்கின்றோம். சூழ்தலென்பது நீரைப் பொறுத்தவரையில் புறத்தே நிற்றலன்று. உள்ளே புகுதலுக்கு முந்திய கணமும் புகுந்த பின்னைய நிலையும் ஒருங்கே அதில் அடங்கும்.

மில்ரனின் 'இழந்த சுவர்க்கம்' 1667 இல் வெளிவந்தது. அதன் மூன்றாம் காண்டத் தொடக்கத்தில், பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே பார்வையை முற்றாக இழந்துவிட்ட கவிஞர் ஒளியை விளித்துத் தம் குருட்டுநிலையைக் கூறுமிடத்தில், முகிலும் நீங்கா இருளும் தம்மைச் சூழ்ந்துள்ளன என்பதற்கு இச்சொல்லையே ஆளுகின்றார். சூழ்தல் என்னும் புதிய பொருளே அங்கு நேரிற் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. எனினும், இலத்தீனிலேயே கவிதை யாத்த ஒருவரின் செவிக்கு, அச்சொல்லின் அடியிற் கிடந்த அலை கேளாதிருந்திருக்குமா? இருள் அவரைச் சுற்றி மதிலாக நிற்கின்றதா, அன்றி வெள்ளமாக ஏறி மூடிவிட்டதா? இரண்டாவது காட்சியே அவ்விடத்தின் துயரத்துக்கு நெருக்கமானதென இக்கட்டுரையாளர் கருதுகின்றார். ஆனால் இது நிறுவத்தக்க முடிபன்று, வாசிப்பு மட்டுமே. சொல்வரலாறு ஒரு வாசிப்புக்கு இடந்தரலாம். அதற்குச் சான்றாக மாட்டாது. இவ்வேறுபாட்டை மறப்பதனாலேயே சொல்லாராய்ச்சி என்ற பெயரில் எழுதப்படுவனவற்றுட் பல வீணாகின்றன.

இவ்விடத்தில் ஒரு செய்தியை வெளிப்படையாகக் கூறிவிடுதல் நன்று. தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் அருகருகே நிறுத்தி, ஒலி ஒத்திருப்பது கொண்டு ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது எனக் கூறிக் கைதட்டுப் பெறும் வழக்கம் நமது மேடைகளில் இன்னும் ஓயவில்லை. 'றவுண்ட்' என்பது 'உருண்டை'யிலிருந்து வந்தது என்று கூறுவதைக் கேட்டிருக்கின்றோம். ஒரே மொழிக்குள், அம்மொழியையே பேசும் மக்களின் செவியையே ஏமாற்றி, அலையைச் சக்கரமாக்கிவிட்ட சறவுண்ட் இத்தகைய ஆராய்ச்சிக்கு நல்லதோர் எச்சரிக்கை. எழுத்திற் பதிந்த நூற்றாண்டுவாரியான வழக்கைத் தேடாது ஒலியொப்புமையை மட்டும் நம்புவோர், பாமரர் செய்த பிழையையே பட்டம் பெற்றுச் செய்கின்றனர்.

மறுபுறத்தே, பிறப்பை அறிந்தால் பொருளை அறிந்துவிட்டோம் என்னும் மயக்கமும் உண்டு. சீ. எஸ். லூயிஸ் 1960 இல் வெளியிட்ட சொல்லாய்வு நூலில், ஒரு சொல்லுக்கு இன்று நம் மனத்திலே முந்திநிற்கும் பொருளைப் பழைய நூல்களுக்குள் அறியாமலே ஏற்றிவிடும் இடரை எடுத்துக்காட்டி, அத்தகைய பொருளை அபாயமான பொருள் என்றார். சங்கச் செய்யுளைப் படிக்கும் நம் மாணவர்க்கு இவ்வெச்சரிக்கை ஆங்கில மாணவர்க்குத் தேவைப்படுவதிலும் பன்மடங்கு தேவையானது. 'நாற்றம்' என்னுஞ் சொல் ஒன்றே இதற்குப் போதிய சான்று.

இனி, போரோடு தொடர்புடைய சொற்களுக்கு வருவோம். முற்றுகையைக் குறிக்கும் சீஜ் என்பது பழைய பிரெஞ்சில் இருக்கையைக் குறித்தது. உட்காருதலைக் குறிக்கும் இலத்தீன் வினை அதன் அடி. பகைவரின் மதிலுக்கு எதிரே படையோடு சென்று உட்கார்ந்துவிடுதலே சீஜ். போரின் ஆரவாரம் எதுவும் அச்சொல்லில் இல்லை. பொறுமை மட்டுமே உண்டு. உள்ளிருப்போர்க்கு உணவு தீரும்வரை வெளியிலிருப்போன் எழமாட்டான். தமிழில் முற்றுகை என்பதோ 'முற்று' என்னும் அடியில் எழுந்தது. நிறைவுறுதல், முடிவுறுதல், வளைத்தல் ஆகிய பொருள்கள் அவ்வடியிற் கூடிநிற்கின்றன. வளையத்தின் இரு நுனிகளும் பொருந்தி இடைவெளி அற்றுப்போதலே முற்றுகை. ஆங்கிலச் சொல் காலத்தை நோக்குகின்றது. தமிழ்ச் சொல் இடத்தை நோக்குகின்றது. தொல்காப்பியர் உழிஞைக்கு இலக்கணங் கூறுகையில் அரணை முற்றுதலோடு அதனைக் கொள்ளுதலையும் சேர்த்துரைத்ததும், காக்கும் பக்கத்துக்குரிய நொச்சியைத் தனித்திணையாக்காது உழிஞையுள் அடக்கியதும் இங்கு நினைவுகூரத்தக்கன. புறப்பொருள் வெண்பாமாலையில் நொச்சி தனித்திணையாயிற்று. வளைப்போனையும் வளைக்கப்பட்டோனையும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்களாகக் கண்ட பழைய நோக்கே ஆழமானதெனத் தோன்றுகின்றது. நலங்கிள்ளி முற்றியிருந்ததையும் நெடுங்கிள்ளி அடைத்திருந்ததையும் பற்றிக் கோவூர்கிழார் பாடியனவாகப் புறநானூற்றிலுள்ள செய்யுள்களில் நீரும் உணவுமின்றி வருந்தும் யானைகளும் குழந்தைகளுமே முன்னிற்கின்றன. முற்றியிருத்தல், அடைத்திருத்தல் என அவற்றின் அடிக்குறிப்புகளிலே வரும் 'இருத்தல்' இலத்தீன் உட்காருதலுக்கு மிக அணித்தானது.

கி.மு. 52 இல் யூலியஸ் சீசர் கோல் நாட்டு அலேசியாவை வளைத்த வரலாறு இந்த இருமுகத்தன்மைக்கு இன்னுமோர் எடுத்துக்காட்டு. உள்ளேயிருந்த வெர்சிஞ்செற்றொறிக்ஸ் வெளியேறாவண்ணம் பதினொரு உரோம மைல் சுற்றளவுள்ள அரண்வரிசை ஒன்றை அவர் எழுப்பினார். பின்னர், வெளியிலிருந்து துணைப்படை வருமென அறிந்து, பதினான்கு மைல் சுற்றளவுள்ள மற்றொன்றைத் தம் படைக்குப் புறத்தே எழுப்பினார். வளைத்தவர் தாமே வளைக்கப்பட்டவராக இரு வேலிகளுக்கு நடுவே நின்று வென்றார். சேர்க்கம்வென்ற் என்னும் ஆங்கிலச் சொல் அவர் எழுதிய இலத்தீனில் படையைச் சுற்றி வளைத்தலைக் குறித்தது. அதே சொல்லுக்கு இலத்தீனிலேயே ஏமாற்றுதல் என்ற பொருளும் ஏற்பட்டிருந்தது. இன்று ஆங்கிலத்தில் சட்டத்துக்கு அகப்படாது சுற்றிப்போதலே அதன் முதன்மைப் பொருள்.

ஒப்செஷன் என்பதன் வரலாறு இதனினும் சுவையானது. எதிரே உட்கார்ந்து முற்றுகையிடுதலே அதன் பழம்பொருள். பின்னர்ச் சமய வழக்கிலே, தீய ஆவி ஒருவனைப் புறத்தே நின்று வருத்துதலை அது குறித்தது. உள்ளே புகுந்து ஆட்கொள்ளுதலுக்குப் பிறிதொரு சொல் இருந்தது. இக்காலத்தில் மனத்தைவிட்டு அகலாத எண்ணத்தை அது குறிக்கின்றது. மதிலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பகைவன் எவ்வாறு மனத்தினுள்ளே குடியேறினான் என்பதைச் சொல்லின் வரலாறே கதையாகக் கூறுகின்றது. இதனைத் தமிழிற் பெயர்ப்போர் 'பித்து' என்றோ 'வெறி' என்றோ எழுதுவர். இரண்டிலும் அந்த உட்கார்ந்திருத்தல் இல்லை.

சுற்றிவளைத்தல் என்னும் தமிழ்ச்சொல்லையும் இங்கு கூறாது விடல் இயலாது. நேரே சொல்லாது வளைத்துப் பேசுதலை அது முன்னர்ப் பெரிதும் குறித்தது. 1980களிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் 'சுற்றிவளைப்பு' என்பதற்கு வேறொரு பொருள் ஏற்பட்டது. விடியுமுன் ஊரைச் சுற்றி நிற்கும் படையினரை அது குறித்தது. அதற்கு நேரான ஆங்கிலச் சொல் கோர்டன். சிறு கயிறு அல்லது நாடா என்பது பிரெஞ்சில் அதன் பொருள். நாடா என்னும் மென்மையான சொல்லால் ஒரு செயலைப் பெயரிடும் மொழியையும், வளைத்துப் பிடித்தலைச் சொல்லிலேயே வைத்திருக்கும் மொழியையும் அருகருகே வைத்து நோக்கினால், சொல்லைத் தெரிந்தெடுத்தவர் வேலிக்கு எப்பக்கத்தில் நின்றார் என்பது தெளிவாகும்.

சூழ்தலோடு உறவுடையதென எவரும் எளிதில் ஐயுறாத சொல் அம்பிஷன். 'அம்பி' என்னும் இலத்தீன் முன்னொட்டு இருபுறமும், சுற்றிலும் என்னும் பொருளது. வடமொழி 'அபி' அதன் உறவு. 'ஈரே' என்பது செல்லுதல். சுற்றி வருதல் என்பதே அம்பிஷனின் அடிப்பொருள். உரோமில் தேர்தலுக்கு நின்றோர் வெண்ணிற ஆடை உடுத்து ஊரைச் சுற்றி வந்து வாக்குக் கேட்டனர். அச்செயல் 'அம்பிஸியோ' எனப்பட்டது. பணங்கொடுத்தும் விருந்தளித்தும் வாக்குப் பெறுதல் 'அம்பிட்டுஸ்' எனப்பட்டுக் குற்றமாயிற்று, கி.மு. 63 இல் சிசரோ தலைமையதிகாரியாக இருந்தபோது அதற்கெதிராக ஒரு சட்டமும் ஆக்கப்பட்டது. அடி ஒன்றே, ஒன்று வழக்கம், மற்றது குற்றம்.

சேக்ஸ்பியரின் 'யூலியஸ் சீசர்' நாடகத்தில் அன்ரனி தமது இரங்கலுரையிலே இச்சொல்லை மீண்டும் மீண்டும் எடுத்தாள்வது மாணவர் யாவரும் அறிந்ததே. பேரவா எனத் தமிழில் எழுதி மேற்செல்கின்றோம். நாடகத்துக்கு அது போதும். ஆனால் 'கொரியோலானஸ்' நாடகத்தைப் பயில்வோருக்கு அது போதாது. போர்வீரனான கொரியோலானஸ் தலைமைப் பதவி பெறவேண்டுமாயின் பணிவுடை உடுத்துச் சந்தைவெளியில் நின்று குடிமக்களிடம் வாக்கு இரத்தல் வேண்டும். அவன் உள்ளம் அதற்கு இசைவதில்லை. வெறுப்போடு செய்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கின்றான். அவனிடம் உள்ளது செருக்கு. சுற்றிவரும் அம்பிஸியோ அவனுக்கு வாய்க்கவில்லை. பேரவா, செருக்கு என்னும் இரண்டையும் ஒன்றாக்கிக் கட்டுரை எழுதும் வழக்கம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றது. உரோமப் பொருளைச் சேக்ஸ்பியர் எவ்வளவு தூரம் அறிந்திருந்தார் என்பது வேறு வினா. அப்பொருளைச் செயலாக மேடையில் நிகழ்த்திக்காட்டியுள்ளார் என்பதே நமக்கு வேண்டியது.

அதே அடியில் பிறந்த அம்பியன்ற் என்னும் அடைமொழிக்கு அதிகாரப் பசி எதுவும் இல்லை. மில்ரனில் அது உலகைத் தழுவி நிற்கும் காற்றுக்கு அடையாக வருகின்றது.

வேலியோடு தொடர்புடைய சொற்கூட்டம் வேறு வகையினது. ஆங்கிலத்தில் முற்றத்தைக் குறிக்கும் யாட், தோட்டத்தைக் குறிக்கும் கார்டன் ஆகிய இரண்டும் அடைக்கப்பட்ட இடம் என்னும் ஒரே சேர்மானிய அடியின் கிளைகள். நகரத்தைக் குறிக்கும் ரவுன் பழைய ஆங்கிலத்தில் வேலியிட்ட இடத்தைக் குறித்தது. அதன் உறவுச்சொல் யேர்மன் மொழியில் இன்றும் வேலியையும், டச்சு மொழியில் தோட்டத்தையும் குறிக்கின்றது. முதலில் வேலி; பின்னரே ஊர். தஞ்சை நாட்டிலே வேலி என்பது நில அளவையின் பெயராயிற்று என்பதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இக்கூட்டத்திலே மிக உயர்ந்த இடத்துக்கு ஏறிய சொல் பரடைஸ். பழைய ஈரானிய மொழியாகிய அவெஸ்தாவில் 'பைரி' என்பது சுற்றிலும். நமக்குப் பரிவாரம், பரிவேடம் முதலிய வடசொற்களில் அறிமுகமான 'பரி' அதன் உடன்பிறப்பு. 'தைசா' என்பது மண்ணைப் பிசைந்து எழுப்பிய சுவர். சுற்றுமதில் என்பதே முழுச்சொல்லின் பொருள். ஈரானிய மன்னரின் மதில்சூழ்ந்த பொழில்களைக் குறிக்கக் கிரேக்கரான செனபோன் இதனை ஆண்டார். யூத மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் ஏதேன் தோட்டத்துக்கு இச்சொல்லையே இட்டனர். தமிழ் விவிலியத்தில் 'பரதீசு' என அது நம்மிடமும் வந்து சேர்ந்தது. மண்சுவர் விண்ணுலகாயிற்று. மில்ரனின் நான்காம் காண்டத்தில் சாத்தான் ஏதேனின் வாயிலை நாடாது மதிலைத் தாவி உள்ளே குதிக்கின்றான். இன்பவுலகு என்ற பொருளோடு மட்டும் நின்று படிப்போருக்கு அது கள்வன் ஒருவனின் செயல் மட்டுமே. மதிலே அவ்வுலகின் பெயர் என்பதை அறிந்தோருக்கு, பெயரே அங்கு தாண்டப்படுகின்றது என்பது புலனாகும்.

மதில் உள்ளேயிருப்போனுக்கு இன்பம், வெளியிலிருப்போனுக்கு வேறு. என்குளோஷர் என்னும் சொல் ஆங்கில உழவர் வரலாற்றில் இதனைக் காட்டுகின்றது. ஊர்ப்பொது நிலங்களை வேலியடைத்துத் தனியுடைமையாக்கும் முறையைச் செம்மறிகள் மனிதரை உண்ணுகின்றன என்னும் கருத்துப்படத் தோமஸ் மோர் 1516 இல் வெளிவந்த தமது 'உத்தோப்பியா'வில் எள்ளினார். 1604 முதல் 1914 வரை இதன்பொருட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமூலங்கள் 5,200 இற்கும் மேற்பட்டன. அவற்றால் அடைக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்திலொன்றுக்குச் சற்று மேல். 'அடைத்தல்' என்று ஒரு சொல்லில் நாம் மொழிபெயர்த்துவிடுவது இதனையே.

பல்கலைக்கழகத்தார்க்கு அணித்தான ஒரு சொல்லையும் இங்கு சேர்க்கலாம். கம்பஸ் என்பது இலத்தீனில் வெட்டவெளியைக் குறிப்பது. 1774 இல் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் கல்லூரியின் நிலத்துக்கு அப்பெயர் வழங்கியதிலிருந்தே கல்விக்கழக நிலம் என்னும் பொருள் தொடங்குகின்றது. தமிழில் அதனை வளாகம் என்றோம். வளை, வளாவு, யாழ்ப்பாணத்து வளவு ஆகியவற்றோடு உறவுடைய அச்சொல், நக்கீரரின் புறப்பாட்டொன்றிலே கடல் சூழ்ந்த நிலவுலகைக் குறித்தது. 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கி, 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது. 1997 இல் அமைந்த வவுனியா வளாகமும் 2021 இல் அவ்வாறே உயர்ந்தது. வெட்டவெளி என்னும் சொல்லுக்கு வளைக்கப்பட்ட இடம் என்னும் சொல்லை நிகராக்கிய ஆக்கம் இது. மொழிபெயர்ப்பு என்ற வகையிற் பிழை. சொல்லாக்கம் என்ற வகையில் வெற்றி. எவரும் இன்று அதனை மாற்ற நினையார், நினைக்கவும் வேண்டியதில்லை.

இனி, தொடக்கத்திற் சுட்டிய வினாவுக்கு வருவோம். என்வயரன்மென்ற் என்பது திரும்புதலைக் குறிக்கும் பிரெஞ்சு அடியிலிருந்து வந்தது. நெடுங்காலம் வழக்கருகிக் கிடந்த அச்சொல்லை 1828 இல் தோமஸ் கார்லைல், யேர்மன் பெருங்கவிஞர் கேத்தேயைப் பற்றி எழுதுகையில், 'உம்கேபுங்' என்னும் யேர்மன் சொல்லுக்கு நிகராக எடுத்தாண்டார். பின்னர் ஹேர்பேட் ஸ்பென்சர் முதலியோர் அதனை உயிரியலுக்கும் சமூகவியலுக்கும் உரியதாக்கினர். எனவே இன்று அறிவியற் சொல்லாக மதிக்கப்படும் இது, ஓர் எழுத்தாளரின் வாழ்க்கைச் சூழலை மொழிபெயர்க்கும் முயற்சியிலேயே புத்துயிர் பெற்றது. இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டமும் அடுத்த ஆண்டு அமைந்த மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் 'சுற்றாடல்' என்பதை நிலைநாட்டின. தமிழகத்தில் 'சுற்றுச்சூழல்' நிலைத்தது. இயற்கைக்கு இவ்வாறு வேறு சொற்கள் அமைந்துவிட்டமையால் 'சூழல்' என்பது திறனாய்வாளருக்கென எஞ்சியது எனலாம்.

பிரெஞ்சில் இதற்குரிய சொல் மில்யூ. இனம், மில்யூ, காலகட்டம் என்னும் மூன்றைக்கொண்டு இலக்கியத்தை விளக்கிய இப்போலித் தெய்ன், 1863-64 இல் வெளிவந்த தமது ஆங்கில இலக்கிய வரலாற்றின் வாயிலாக அதனைத் திறனாய்வின் பொதுச்சொத்தாக்கினார். வியப்பு யாதெனில், மில்யூ என்பதன் நேர்ப்பொருள் நடுவிடம். நடுவைக் குறித்த சொல் எவ்வாறு சுற்றிலுமுள்ளதைக் குறிக்கலாயிற்று? பௌதிகமே வழிவகுத்தது. இரு பொருள்களுக்கு நடுவே நின்று விசையைக் கடத்தும் ஊடகத்தை அது குறித்தது. பின்னர் இலமார்க் முதலியோர் உயிர்கள் வாழும் நீரையும் காற்றையும் அப்பெயரால் அழைத்தனர். மீனுக்கு நீர் நடுவிலா, சுற்றிலுமா? லியோ ஸ்பிற்சர் 1942 இல் மில்யூ, அம்பியான்ஸ் ஆகிய இரு சொற்களைப் பற்றி எழுதிய நீண்ட ஆய்வு இவ்வரலாற்றுக்கு இன்றும் தலைசிறந்த வழிகாட்டி.

ஆக, சூழல் என்று நாம் கூறும்போது குறைந்தது மூன்று வெவ்வேறு காட்சிகள் கலந்து நிற்கின்றன. ஒன்று நீர்: உள்ளும் புறமும் ஊடுருவுவது. மற்றொன்று வேலி: உள்ளேயிருப்போனைப் பிரித்து வைப்பது. இன்னொன்று சேர்க்கம்ஸ்ரான்ஸ் என்பதிலுள்ள காட்சி: சுற்றி நிற்போர். தமிழில் 'சுற்றம்' இதற்கு மிக அண்மையது. அது பொருள்களைக் குறிக்காது ஆட்களைக் குறிப்பது. நமது ஆய்வேடுகளின் முதலியல் பெரும்பாலும் வேலிக் காட்சியையே கொள்கின்றது. ஆட்சி, பொருளாதாரம், கல்வி, சாதி என்பன எழுத்தாளரைச் சுற்றி நட்ட கதிகால்களாக ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டாம் இயலில் எழுத்தாளர் தனியே தோன்றுவார். முன்னையதற்கும் பின்னையதற்கும் இடையே படலை திறக்கப்படுவதில்லை. 'பின்னணி' என்னும் சொல் இதனினும் மோசமானது. அது சமூகத்தை நாடக மேடையின் தீட்டிய திரையாக்கிவிடுகின்றது. மொழிநடையில், உவமையில், எழுத்தாளர் எழுத மறுத்தவற்றில் சமூகம் நீராக ஊறி நிற்பதைக் காட்டும் ஆய்வே சூழல் என்னும் சொல்லுக்கு உரிமை பெறும்.

மனிதர் சூழ்நிலைகளின் விளைபொருள் என்னும் கோட்பாட்டை 1813 தொடக்கம் றொபேட் ஓவன் பரப்பினார். 1845 இல் எழுதிய பொயர்பாக் பற்றிய குறிப்புகளுள் மூன்றாவதில் மார்க்ஸ் அக்கோட்பாட்டின் குறையைச் சுட்டினார். சூழ்நிலைகளை மாற்றுவோரும் மனிதரே என்பதை அது மறந்துவிட்டது என்பது அவர் வாதம். அவர் ஆண்ட யேர்மன் சொல்லும் 'சுற்றி நிற்பன' என்னும் பொருளதே. இக்குறிப்பைத் தமிழிற் பெயர்ப்போர்க்கு வேறெம்மொழியினர்க்கும் எளிதில் வாய்க்காத ஒரு வசதி உண்டு. சூழ் என்னும் வினைக்குச் சுற்றி நிற்றல் மட்டுமன்றி எண்ணித் திட்டமிடுதல் என்னும் பொருளும் உண்டு. வள்ளுவர் வினைசெயல்வகையின் முதற்குறளில் சூழ்ச்சியை ஆராய்ந்து முடிவுசெய்தல் என்னும் நற்பொருளிலேயே ஆள்கின்றார். ஊழ் அதிகாரத்தின் இறுதிக் குறளில் ஊழுக்கு எதிர்நிற்பது மனிதன் சூழ்வதே. சதி என்னும் பொருள் மேலோங்கியது பின்னரே. மனிதனைச் சூழ்வதும் மனிதன் சூழ்வதும் ஒரே வினையாக அமைந்தமை மொழியின் தற்செயல் நிகழ்ச்சியாகவும் இருக்கலாம். அதனைக்கொண்டு தமிழர் அக்கருத்தை முன்னரே அறிந்திருந்தனர் என வாதிடுதல், உருண்டையிலிருந்து றவுண்ட் வந்தது எனல் போன்றதே. ஆயின் மொழிபெயர்ப்பாளன் அத்தற்செயலைப் பயன்படுத்துவதற்குத் தடை எதுவுமில்லை. 'சூழ்நிலை' என்று எழுதுமிடத்தில் நிலையை மட்டும் வலியுறுத்தாது சூழ்வோரையும் வாக்கியத்திற்குள் கொணர்ந்தால், அம்மூன்றாங் குறிப்பின் இரு பாதிகளும் தமிழில் ஒன்றையொன்று நேரே நோக்கி நிற்கும்.